ஜெய்சல்மேரில் ஒட்டகச் சவாரியும் மணல்மேட்டில் ஓர் இரவும்: முதல்முறை போகிறவர்களுக்கு

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ‘கேமல் சஃபாரி’ என்று போர்டு வைக்காத கடையைப் பார்ப்பது அபூர்வம். தங்கும் விடுதி, துணிக்கடை, டீக்கடை எல்லோரும் விற்கிறார்கள். இருபது நிமிடம் சுற்றிக் காட்டுவதற்கும் அதே பெயர்தான், மூன்று நாள் பயணத்துக்கும் அதே பெயர்தான். எங்களுக்கு ஒருவர் ‘பாலைவனத்தில் இரவு’ என்று சொல்லி விற்றது, சாலையோரத்தில் வரிசையாக நின்ற கூடாரங்களில் ஒன்றை. ராத்திரி நெடுநேரம் ஸ்பீக்கர் அலறியது. சவாரி, மேட்டைச் சுற்றி ஒரு வட்டத்தோடு முடிந்துவிட்டது. மறுநாள் ஊருக்குத் திரும்பி வேறோர் ஆளைப் பிடித்து, எல்லாவற்றையும் கேட்டுத் தெளிந்துகொண்டு மறுபடி போனோம். கேட்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும் கீழே வரிசையாக.

1. எந்த வகை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அங்கே விற்பது அடிப்படையில் இரண்டு வகைதான்.

ஒன்று, கூடார முகாம். ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம் என்ற கிராமம் இருக்கிறது. பெரிய மணல்மேடுகள் அங்கேதான். அதனால் முகாம்களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கூடாரம் என்றால் துணிச் சுவர் போட்ட அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்: கட்டில், மெத்தை, உள்ளேயே கழிப்பறை, பல இடங்களில் வெந்நீர். மாலையில் காரில் கொண்டுபோய் விடுவார்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு ஒரு குட்டிச் சவாரி, அப்புறம் நடுவில் தீ மூட்டி மாங்கணியார் என்ற பாடகர் சமூகத்தின் பாட்டு, கல்பேலியா நடனம், பஃபே சாப்பாடு. கல்பேலியா 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற கலை; நல்ல குழு அமைந்தால் அசந்துபோவீர்கள். ஆனால் பல முகாம்களில் அவர்களுக்கு இரண்டு மூன்று பாட்டுதான். அதற்குப் பிறகு சினிமாப் பாட்டு வந்துவிடும்.

இன்னொன்று, திறந்தவெளி. ஊரிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் கொண்டுபோய், ஒட்டகத்தோடு காத்திருப்பவரிடம் உங்களை ஒப்படைப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் சவாரி. மணல்மேட்டில் இறங்கியதும் ஒட்டகக்காரரே அடுப்பு மூட்டிச் சமைப்பார். படுக்கை வானத்துக்குக் கீழே. கழிப்பறை கிடையாது, மின்சாரம் கிடையாது, பெரும்பாலும் சிக்னலும் கிடையாது. காலையில் இன்னொரு சவாரி, பிறகு ஜீப், ஊர்.

வயதானவர்களோ, ராத்திரியில் இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போகிறவர்களோ, கைக்குழந்தையோ கூட இருந்தால் யோசிக்காமல் முதல் வகைக்குப் போங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகைதான். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் குரி என்ற கிராமத்தை விசாரியுங்கள். ஊருக்குத் தென்மேற்கே, சம்மைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மண்வீடுகளில் தங்கிக்கொண்டு, நடந்து போகிற தூரத்தில் மணல்மேட்டைப் பார்க்கலாம். கூட்டம் குறைவு.

ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தார் பாலைவனத்தில் நீங்கள் சவாரி போகும் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் அலைகள் என்று எதுவும் இல்லை. பெரும்பகுதி கட்டாந்தரையும் புதர்க்காடும். நம்ம ஊர் வன்னி மரமும் எருக்கஞ்செடியும் வழியெல்லாம் நிற்கும். மணல்மேடுகள் நடுநடுவே திட்டுத்திட்டாகத்தான் வரும். சவாரியின் முக்கால்வாசி நேரம் புதருக்கு நடுவேதான் போவீர்கள். ‘மணல் எங்கே?’ என்று முதல் பத்து நிமிடத்திலேயே ஒட்டகக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை இரவு? முதல்முறை என்றால் ஒன்று போதும். ஏற்பாட்டாளர்கள் இரண்டு, மூன்று இரவுக்கு ஆசை காட்டுவார்கள். இரண்டாம் நாள் காலையில் உங்கள் உள்தொடை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

2. நாள் பார்ப்பது

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை போகலாம். ஏப்ரலுக்குப் பிறகு பகல் வெயில் 45 டிகிரியைத் தொடும். முகாம்களில் பலவும் மூடிவிடும். கோடை விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் வேறு ஊர் பார்ப்பது நல்லது.

டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும். ராத்திரி 5 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. நமக்கு இது கடுங்குளிர். பிப்ரவரி என் தேர்வு: குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும், புத்தாண்டுக் கூட்டமும் போயிருக்கும். டிசம்பர் 20-இலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை விலையெல்லாம் இரட்டிப்பாகும், அறையும் கிடைக்காது. ஜெய்சல்மேரின் பாலைவனத் திருவிழா மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி, அதாவது பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். ஒட்டகப் பந்தயம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல சமயம். அமைதியாக ஒரு ராத்திரி வேண்டும் என்பவர்கள் அந்த மூன்று நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் நிலா. நட்சத்திரம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்து அதற்கு முன்பின் நான்கைந்து நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால முன்னிரவில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றும் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். பெயராகவே கேட்டுப் பழகிய நட்சத்திரங்களைக் குழந்தைகளுக்குக் கையைக் காட்டிச் சொல்லலாம். பௌர்ணமி இரவில் இதெல்லாம் மங்கிவிடும். ஆனால் டார்ச் இல்லாமலே மணலில் நடக்கலாம்.

3. போய்ச் சேருவது

சென்னை எழும்பூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஜோத்பூர் வரை வாராந்திர ரயில்கள் உண்டு. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலில் ஐந்தாறு மணி நேரம், பஸ்ஸும் ஏறக்குறைய அதே நேரம். டெல்லியிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. ஆனால் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வட இந்திய ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறவர்கள் கவனிக்கவும். சீசனில் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

விமானம் என்றால் ஜெய்சல்மேரிலேயே விமான நிலையம் இருக்கிறது, ஆனால் சேவை சீசனைப் பொறுத்தது. அது விமானப்படைத் தளத்தோடு சேர்ந்தது, பாகிஸ்தான் எல்லை பக்கத்தில். 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் பதற்றத்தின்போது மூடப்பட்ட 32 விமான நிலையங்களில் அதுவும் ஒன்று. ஜோத்பூர் வரை பறந்து, அங்கிருந்து தரைவழியாகப் போவது கொஞ்சம் நிம்மதி.

முக்கியமானது இது: சவாரி நாளன்று காலையிலேயே ஊருக்குள் இருக்க வேண்டும். முடிந்தால் முதல்நாளே வந்துவிடுங்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் ஆறு மணி வாக்கில் மறைகிறது. ஜீப்புக்கு ஒரு மணி நேரம், சவாரிக்கு இரண்டு மணி நேரம் என்றால் மூன்று மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். ‘நாலு மணிக்கு வந்தால் போதும்’ என்று யாராவது சொன்னால், உங்கள் சவாரியில் ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டார் என்று அர்த்தம். மணலில் இருட்டிய பிறகு யாரும் ஓட்டுவதில்லை.

4. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்கள் என்றால் எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை: ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இதில் ஏதாவது ஒன்று. பான் கார்டில் முகவரி இல்லை என்பதால் விடுதிகள் ஏற்பதில்லை. கூட இரண்டு நகல் வைத்திருங்கள். முகாமில் ஒன்றும் விடுதியில் ஒன்றும் கேட்பார்கள். போனில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சிக்னல் இல்லாத இடத்தில் திறக்க முயல்வது வேதனை.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. பாஸ்போர்ட்டும் விசாவும் கையிலேயே இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சின்ன முகாம்கள் சில இந்தத் தொல்லைக்காகவே வெளிநாட்டவரை ஏற்பதில்லை, அதனால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சம், குரி வரை சுற்றுலாவாகப் போகலாம். அதைத் தாண்டி எல்லைப் பக்கம் போக வெளிநாட்டவருக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ‘கூட்டமே இல்லாத இடத்துக்கு அழைத்துப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தின் பெயரைக் கேளுங்கள், வரைபடத்தில் பாருங்கள்.

இரண்டு பொருளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முதலாவது, ட்ரோன். இது எல்லை மாவட்டம், ராணுவ நடமாட்டம் அதிகம். இரண்டாவது, சாட்டிலைட் போன். வெளிநாட்டிலிருந்து வரும் மலையேற்றப் பிரியர்கள் சாதாரணமாகப் பையில் வைத்திருப்பார்கள். இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

5. ஆளைப் பிடிப்பது

இங்கேதான் எல்லாம் இருக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள்.

வலை நீங்கள் ஊருக்குள் நுழையும் முன்பே விரிக்கப்பட்டிருக்கும். பஸ்ஸிலேயே நட்பாகப் பேச்சுக் கொடுப்பார் ஒருவர். ஸ்டேஷனில் இன்னொருவர் முன்னூறு ரூபாய்க்கு அறை தருவார். அந்த முன்னூறு ரூபாய் அறையின் உண்மையான விலை, நீங்கள் அவரிடம் வாங்கப்போகும் சஃபாரிக்குள் இருக்கிறது. வேறு இடத்தில் சவாரிக்குப் பேசிவிட்டீர்கள் என்று தெரிந்தால் வெந்நீர் நின்றுபோகும், அப்புறம் ‘அறை வேறு ஒருவருக்குப் பதிவாகியிருக்கிறது’ என்பார்கள். நியாயமான விலையில் அறையைத் தனியாக எடுங்கள். சவாரி வாங்கினால்தான் அறையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏற்பாட்டாளர் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசுங்கள். கேட்க வேண்டியவை:

எந்தக் கிராமத்துப் பக்கம், ஜீப்பில் எவ்வளவு தூரம்? போகும்போது எத்தனை மணி நேரம் ஒட்டகத்தின் மேல், வரும்போது எத்தனை மணி நேரம்? (சேர்த்துச் சொல்ல விடாதீர்கள். நடுவில் தேநீர் குடிக்கும் நேரத்தையும் சவாரிக் கணக்கில் எழுதுவார்கள்.) ஆளுக்கு ஓர் ஒட்டகமா, இரண்டு பேருக்கு ஒன்றா? குழுவில் மொத்தம் எத்தனை பேர்? பக்கத்தில் வேறு முகாம் எவ்வளவு தூரத்தில்? படுக்கை மணலில் விரித்த மெத்தையா, கயிற்றுக் கட்டிலா, ஆளுக்கு எத்தனை ரஜாய் (பஞ்சு அடைத்த கனத்த போர்வை)? குடிநீர் சீல் வைத்த பாட்டிலா? மழையோ மணல்காற்றோ வந்தால் பணம் திரும்புமா, நாள் மாறுமா? வரி சேர்த்த விலையா?

பேசி முடித்ததும் இதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக நீங்களே எழுதி அவருக்கு அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். நல்ல ஏற்பாட்டாளர் இதற்குச் சளைக்காமல் பதில் எழுதுவார். எங்கள் இரண்டாவது ஆள், நாங்கள் கேட்காத இரண்டு விஷயத்தைத் தானே சேர்த்து எழுதினார். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

தனியாகப் போகும் பெண்களுக்கு இன்னொரு கேள்வி: ஒட்டகக்காரர் எங்கே இருப்பார்? சிலர் உங்களுக்குப் பின்னால் அதே ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அது தேவையே இல்லை. அவர் கயிற்றைப் பிடித்து நடந்து வரலாம், அல்லது தன் ஒட்டகத்தில் வரலாம். இதையும் அந்தச் செய்தியில் எழுதிவிடுங்கள். குழுவில் வேறு பெண்கள் இருக்கும் நாளாகப் பார்த்துச் சேர்ந்துகொள்வது இன்னும் நல்லது.

6. செலவு

எங்களிடம் சொன்ன விலைகளை வைத்துச் சொல்கிறேன், சீசனுக்குச் சீசன் ஏறி இறங்கும். திறந்தவெளி ஓர் இரவுக்கு, ஜீப், சவாரி, இரவுச் சாப்பாடு, காலை உணவு, தண்ணீர் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,800-இலிருந்து 3,000 ரூபாய் வரை. சம் கூடார முகாமில் இருவருக்கு 4,000-இல் தொடங்கி வசதியைப் பொறுத்து மேலே போகும். புத்தாண்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

ரொம்பக் குறைத்துச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஜீப்புக்கு டீசல் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். எனவே குறைவது தண்ணீரிலோ, ரஜாயிலோ, ஒட்டகக்காரரின் கூலியிலோ, ஒட்டகத்தின் தீனியிலோதான் இருக்கும்.

விலையில் சேராதவை: மணல்மேட்டில் ஜீப்பைத் தாறுமாறாக ஓட்டிக் காட்டும் விளையாட்டு (முதுகுவலிக்காரர்கள் பக்கமே போகாதீர்கள்), வழியில் குல்தரா என்ற கைவிடப்பட்ட கிராமம் போன்ற இடங்களின் நுழைவுக் கட்டணம், பாட்டுக்காரர்களுக்கு நீங்கள் கொடுப்பது, ஒட்டகக்காரருக்கு டிப்ஸ். இந்தக் கடைசியை அவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். ஊரில் இருக்கும் முதலாளியிடம் கொடுத்து ‘சேர்த்துவிடுங்கள்’ என்றால் சேராது. சில்லறை நோட்டுகளாகக் கையிருப்பு வேண்டும். ஏடிஎம் ஊரோடு சரி, சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐயும் வேலை செய்யாது.

7. பையில் என்ன

பெரிய பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு ஒரு சின்ன முதுகுப்பை மட்டும்.

உடை விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம்: ஜீன்ஸ் வேண்டாம். உள்தொடைத் தையல் இரண்டு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். தளர்ந்த பருத்திப் பேன்ட், சல்வார், டிராக் பேன்ட் எதுவும் சரி. அதற்குள் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் இறுக்கமான அரைக்கால் உடை இருந்தால் இன்னும் சுகம். சேலை, வேட்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது கஷ்டம். முழுக்கைச் சட்டை, தலையையும் மூக்கையும் மூடுகிற மாதிரி ஒரு பருத்தித் துண்டு. தொப்பியைக் காற்று கொண்டுபோய்விடும்.

ராத்திரிக்கு ஸ்வெட்டர், மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், கம்பளிக் காலுறை, குரங்குக் குல்லா. குல்லாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நடுராத்திரி அதைக் கடன் கேட்பார்கள். ரஜாய்கள் பலர் போர்த்தியவை. சுத்தம் பார்க்கிறவர்கள் மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றை உள்ளே சுற்றிக்கொள்ளலாம்.

தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், டாய்லெட் பேப்பர், கழிவைப் புதைக்க ஒரு சின்னக் கரண்டி, குப்பைக்கு ஒரு பை, சானிடைசர், சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாஸ்லைன். வழக்கமான மாத்திரைகளோடு வாந்திக்கான மாத்திரையும். பஸ்ஸில் தலைசுற்றுகிறவர்களுக்கு ஒட்டகத்திலும் சுற்றும். போனையும் கேமராவையும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் வையுங்கள். லென்ஸை அங்கே கழற்றி மாற்றுவது பற்றி நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

8. ஏறுவதும் இறங்குவதும்

முதலில், யார் ஏறக்கூடாது. கர்ப்பிணிகள், முதுகுத் தண்டு வட்டு விலகியவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏற வேண்டாம். சம் பக்கம் ஒட்டக வண்டி கிடைக்கும், அகலமான பலகையில் உட்கார்ந்து போகலாம். சின்னக் குழந்தையைத் தனியாக ஏற்றாமல் உங்களுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து அடிபட்டால் ஜெய்சல்மேர் அரசு மருத்துவமனைக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஏறும் முன் ஒட்டகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மூக்கில் முளை அடித்த இடத்தில் ரத்தம், சீழ் இருக்கிறதா? சேணத்துக்கு அடியில் புண் தெரிகிறதா? நொண்டுகிறதா? இதில் எது இருந்தாலும் வேறு ஒட்டகம் கேளுங்கள், கேட்டால் மாற்றித் தருகிறார்கள். நாலு பேர் இப்படிக் கேட்டால்தான் அந்த விலங்குக்கு ஒருநாள் ஓய்வாவது கிடைக்கும்.

இன்னொன்று. நம் சுற்றுலா சீசன்தான் ஆண் ஒட்டகத்துக்கு இணைசேரும் பருவமும். அப்போது சில ஆண் ஒட்டகங்கள் களகளவென்று கொப்பளிக்கும் சத்தத்தோடு வாயின் ஓரத்தில் பலூன் மாதிரி இளஞ்சிவப்பாக ஒன்றை ஊதித் தொங்கவிடும், வாயெல்லாம் நுரை. முதன்முதலில் பார்க்கிறவர்கள் நாக்கு வெளியே வந்துவிட்டது என்று பதறுவார்கள். அது உள்ளண்ணத்துச் சதை, நோய் கிடையாது. ஆனால் அந்த மனநிலையில் அது கடிக்கும். செல்ஃபிக்காக முகத்தருகே போகாதீர்கள். உங்களுக்கு வந்தது அப்படிப்பட்டதாக இருந்தால் சாதுவான வேறொன்றைக் கேளுங்கள்.

சேணத்தில் பெரும்பாலும் இரண்டு இருக்கை, திமிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் இருக்கையில் குலுக்கல் குறைவு. பல சேணங்களில் கால் வைக்க வளையம் இருக்காது. காலைத் தொங்கவிட்டபடியே போவதுதான் தொடைவலிக்குக் காரணம். கயிற்றிலாவது ஒரு வளையம் கட்டித் தரச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. சேணத்துக்கு மேல் ரஜாயை மடித்துப் போடச் சொல்லுங்கள்.

ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் தூக்கும். நீங்கள் படாரென்று முன்னால் சாய்வீர்கள். அதற்கு முன்பே உடலைப் பின்னால் சாய்த்து, சேணத்தின் கொம்பை இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த நொடியில் முன்னங்கால் எழும், நிமிர்ந்துகொள்ளலாம். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். அப்போதும் பின்னால் சாய வேண்டும். மணல்மேட்டில் இறங்கும்போதும் அப்படியே. விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று நேரத்தில்தான் விழுகிறார்கள், அதுவும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு. நடக்கும்போது இடுப்பைத் தளர்த்தி அதன் ஆட்டத்தோடு ஆடினால் போதும், விறைத்து உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும்.

ஓடவிடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் ‘தீரே தீரே’ (மெதுவாக) என்று சொல்லுங்கள், நிறுத்த ‘ரோக்கோ’. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் கூடவே நடங்கள். கால் மரத்துப்போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. வழியில் வன்னி மரத்தைப் பார்த்தால் ஒட்டகம் கழுத்தை நீட்டி நின்றுவிடும். முள்கிளை உங்கள் முகத்துக்கு நேரே வரும், குனிந்துகொள்ளுங்கள்.

9. இரவு

வெளிச்சம் இருக்கும்போதே மூன்று வேலையை முடித்துவிடுங்கள். படுக்கை எங்கே என்று பார்த்து, காற்று வரும் திசைக்கு மறுபக்கம், மேட்டின் அடியில் போடச் சொல்லுங்கள். உச்சியில் படுத்தால் படம் நன்றாக வரும், தூக்கம் வராது. கழிப்பிடத்துக்கு ஒரு மேடு தள்ளி இடம் பார்த்து, திரும்பி வரும் வழிக்கு ஒரு புதரை அடையாளம் வையுங்கள். இருட்டில் எல்லா மேடும் ஒன்றுபோல இருக்கும். டார்ச் இல்லாமல் நூறு அடி போனாலும் திசை குழம்பும். மூன்றாவது, ஸ்வெட்டர். சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் மணல் சில்லிட்டுவிடும். உடம்பு குளிர்ந்த பிறகு போட்டால் சூடேற நேரமாகும்.

சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு சப்ஜி, சோறு. கேர் சாங்ரி கேட்டுப் பாருங்கள். சாங்ரி என்பது வன்னிக் காய்தான். கேர் ஒரு புதரின் காய், புளிப்பாக இருக்கும். காரம் குறைக்க வேண்டுமென்றால் சமைக்கும் முன்பே சொல்லுங்கள். ரொட்டியில் மணல் கடிபடும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மது, பாங்கு (கஞ்சா இலையில் செய்யும் போதைப்பொருள்) இரண்டும் சிலர் கொண்டுவந்து நீட்டுவார்கள்; குளிரில், மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத் தொலைவில், வேண்டாம் என்பதே என் கருத்து.

பூச்சி? சாண வண்டுகள் வரும். கறுப்பாக, விறுவிறுவென்று, நேராக உங்கள் மெத்தையை நோக்கி. ஒன்றும் செய்யாது. தேளும் சுருட்டை விரியனும் இந்த மண்ணில் உண்டு. கடுங்குளிர் மாதங்களில் நடமாட்டம் குறைவு, அக்டோபரிலும் மார்ச்சிலும் கவனம் தேவை. செருப்பில்லாமல் நடக்காதீர்கள், ஷூவைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், விறகைக் கையால் கிளறாதீர்கள்.

தீ பெரிதாக வேண்டுமென்று கேட்காதீர்கள். அங்கே விறகு என்பது மெல்ல வளரும் புதர். போன், காலுறை, மறுநாள் சட்டை எல்லாவற்றையும் ரஜாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், விடியற்காலைப் பனியில் வெளியே கிடப்பதெல்லாம் ஈரமாகும்.

10. காலையும் திரும்புவதும்

அலாரத்தை ஐந்தரைக்கு வைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடி. டிசம்பர் கடைசியில் சூரியன் ஏழரை மணிக்குத்தான் வரும், சென்னையைவிட ஒரு மணி நேரம் தாமதம். ஆறே முக்காலுக்கு எழுந்தால் போதும், மேடேறத் தாராளமாக நேரம் இருக்கும்.

கிளம்பும் முன் உங்கள் குப்பையை உங்கள் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் பல நேரம் மணலில் புதைப்பார்கள், காற்று இரண்டு நாளில் வெளியே எடுத்துப் போட்டுவிடும். பிளாஸ்டிக் பையை ஒட்டகமும் மாடும் தின்கின்றன.

காலைச் சவாரி தொடையில் வலித்தால் வெட்கப்படாமல் ஜீப்பைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள், அல்லது நடந்து வாருங்கள். ஒட்டகத்தின் வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான், நீங்களும் பின்தங்க மாட்டீர்கள்.

ஊருக்கு வந்து சேரப் பத்து, பதினொரு மணி ஆகிவிடும். அன்று மதியத்துக்கு முன் ரயில் வைக்காதீர்கள். ரயில் மாலையில்தான், அறையோ காலி செய்தாயிற்று என்றால் குளிக்க இடம் தருவார்களா என்று முன்பதிவின்போதே ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள்; பலர் ஒரு பொது அறையை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள், சிலர் தலைக்கு நூறு இருநூறு வாங்குகிறார்கள். மீதிப் பணத்தை வாட்ஸ்அப் செய்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுங்கள். இரண்டு மணி நேரம் என்று சொன்ன சவாரி ஒரு மணி நேரத்தில் முடிந்திருந்தால் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது, கொஞ்சம் முனகினாலும், கழித்தார்கள்.